பனிக்கணவாய்ப் பங்காளிகள்

மூக்குக்கண்ணாடிக் கடைக்குள் மச்சான் சிரித்துக்கொண்டே நுழைந்தபோதே பவர் கையிலிருந்த வில்லையைக் கீழே வைத்துவிட்டான். மச்சான், மனைவியின் அண்ணன், லிஃப்ட் மெக்கானிக். எந்த லிஃப்ட் எந்த மாடியில் நின்றுபோனாலும் முகம் மாறாமல் வேலை பார்ப்பவன். அவன் பல் தெரியச் சிரித்தால், யாரோ ஒருத்தர் நன்றாக மாட்டிக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம்.

பவர் என்பது அவனுக்குக் கடைத்தெரு வைத்த பெயர். நாள் முழுக்க எல்லாரிடமும் "பவர் ஏறிடுச்சு, பவர் மாறிடுச்சு" என்று சொல்லிக்கொண்டிருப்பவனுக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? வீட்டில் அவனுக்கு எவ்வளவு பவர் என்பதைத் தெரிந்தவர்கள் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடும்போது கொஞ்சம் சிரித்துவிட்டுத்தான் கூப்பிடுவார்கள்.

அந்த நேரத்தில் கடையில் அவனுடைய அப்பா பேசிக்கொண்டிருந்தார். கேட்டுக்கொண்டிருந்தவர் ஒரு வேன் டிரைவர். மூக்கின்மேல் கனமான சோதனைச் சட்டத்தை மாட்டி, இரண்டு பக்கமும் வில்லைகளைச் செருகி வைத்திருந்ததால் அவரால் எழுந்து ஓட முடியவில்லை.

"நாங்க சாதாரண ஆளுங்க இல்ல, தெரியுமா? பல்லாயிரம் வருஷத்துக்கு முன்னாடி பனிமலைக் கணவாய் வழியா குதிரையில வந்த வம்சம். அப்பன்கிட்டேருந்து மகனுக்கு, அவன்கிட்டேருந்து அவன் மகனுக்குன்னு கலப்படமே இல்லாம இறங்கியிருக்கு. இதுவரைக்கும் உலகத்துல கண்டுபிடிச்சவங்களை மொத்தமா உங்க வேன்லயே ஏத்திடலாம்."

"கீழ் வரிசையில என்ன எழுத்து தெரியுதுன்னு கேட்டாங்க..." என்றார் டிரைவர்.

"எழுத்து கெடக்கட்டும்யா."

அப்பா ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். வண்டியில் பரிசோதிக்க ஆள் இல்லாமல் போனதும் வீட்டில் மகனைப் பரிசோதிக்க ஆரம்பித்தார். மின்விசிறியை அணைக்க மறந்தாலும், கடையை ஐந்து நிமிடம் தாமதமாகத் திறந்தாலும் ஒரே வசனம்தான்: "நீ எனக்குத்தான் பொறந்தியான்னே சந்தேகமா இருக்குடா." சிறுவயதிலிருந்து கேட்டுப் புளித்த வசனம் ஒருநாள் திடீரென்று பவருக்குச் சுருக்கென்று தைத்தது. பரம்பரையைக் கண்டுபிடித்துச் சொல்லும் கம்பெனி ஒன்றுக்குப் பணம் கட்டினான். பஞ்சுக் குச்சி வந்தது. கன்னத்தின் உட்புறம் தேய்த்து அனுப்பினான். எழுத்தும் எண்களுமாக ஒரு பெயர் போட்டு, பனிக்கணவாய் வழியாக வந்த அபூர்வத்திலும் அபூர்வமான தந்தைவழி என்று பதில் வந்தது.

அன்று அப்பா செய்ததுதான் பெரிய அதிசயம். எழுந்து வந்து மகன் தோளில் கையைப் போட்டார். நாற்பத்திரண்டு வயதில் முதல்முறையாக அந்தக் கை அங்கே விழுந்தது. அது அங்கேயே இருக்க வேண்டும், அதற்காக என்ன வேண்டுமானாலும் செய்யலாம் என்று பவர் அப்போதே முடிவு செய்துவிட்டான். நம் ஆட்கள் இப்படி முடிவெடுக்கும்போதுதான் வில்லங்கம் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வருகிறது.

"மாப்ளே, நானும் குச்சி தேய்ச்சேன்" என்றான் மச்சான்.

"நீங்க எதுக்கு மச்சான்?"

"மாமா எங்க பார்த்தாலும் குதிரைக் கதையா சொல்றாரே. நமக்கு ஒரு கழுதையாவது மாட்டாதான்னு பார்த்தேன். இந்தாங்க, குதிரையே வந்திருக்கு." கைபேசியை நீட்டினான். அதே எழுத்து, அதே எண்கள், அதே பனிக்கணவாய்.

அப்பா கைபேசியை வாங்கித் தூரத்தில் வைத்துப் பார்த்தார். பக்கத்தில் வைத்துப் பார்த்தார். திருப்பி முதுகுப் பக்கத்தையும் பார்த்தார்.

"இது செல்லாது" என்றார்.

"அதே கம்பெனிதான் மாமா."

பவர் அவசரமாகக் குறுக்கே பாய்ந்தான். "விடுங்கப்பா. நல்லதுதானே? சொந்தத்துக்குள்ளதானே இருக்கு?"

"சொந்தமா? டேய், தந்தைவழி ஒண்ணுன்னா அது பங்காளிடா! மச்சான் எப்படிடா பங்காளி ஆவான்?"

சோதனைச் சட்டத்துக்குள்ளிருந்து இரண்டு பெரிய கண்கள் பவரை நிமிர்ந்து பார்த்தன.

"அப்போ சார், இவரு தங்கச்சி உங்களுக்கு என்ன முறை ஆகுது?" என்றார் டிரைவர்.

பவர் சாயங்காலம் வீட்டுக்குப் போவதற்குள் செய்தி போய்ச் சேர்ந்திருந்தது. கதவைத் திறந்த மனைவி, கையைக் கட்டிக்கொண்டு பணிவாக நின்றாள்.

"வாங்கண்ணா."

"விளையாடாதே."

"என்னண்ணா கோபம்? அண்ணி வரலியா?"

கூடத்து மூலையில் அவனுடைய தலையணையும் போர்வையும் மடித்து வைக்கப்பட்டிருந்தன. பவர் அசடு வழிந்தான். கணக்குச் சொல்லிச் சமாளித்துவிடலாம் என்று உட்கார்ந்தான்.

"இதோ பாரு. பல்லாயிரம் வருஷத்துக்கு முன்னாடி நம்ம ரெண்டு குடும்பத்துக்கும் ஒரே தாத்தா இருந்திருப்பாரு. அவ்வளவுதான். அதெல்லாம் இப்ப சொந்தத்துலயே சேராது."

அம்மா அடுப்படி வாசலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

"பல்லாயிரம் வருஷம் எதுக்குடா?" என்றாள். "நாப்பத்தஞ்சு வருஷம் போதாதா? உன் மச்சானுக்கு அவ்வளவுதானே வயசு?"

"என்னம்மா சொல்றே?"

"மருமகளே, கல்யாணத்துக்கு முன்னாடியும் பின்னாடியும் உங்கம்மா எங்க இருந்தாங்க?"

"ஜங்ஷன் பக்கத்துல அத்தை. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் வீடு."

"ஏங்க, நீங்க அந்த லைன்ல எத்தனை வருஷம் டியூட்டி பார்த்தீங்க?"

நாளிதழுக்குப் பின்னாலிருந்து அப்பாவின் குரல் வந்தது. "அது... கொஞ்ச காலம் பார்த்தேன். எல்லா லைனும்தான் பார்த்தேன்."

எல்லா லைனும் என்று அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம். அம்மா கத்தியைக் கீழே வைத்தாள். மனைவியின் முகத்தில் இருந்த கிண்டல் துடைத்தெடுத்த மாதிரி போய்விட்டது. அவள் தலையணையை மறுபடி எடுத்து, கூடத்திலிருந்து மொட்டைமாடிப் படிக்கட்டுக்குக் கீழே கொண்டுபோய் வைத்தாள். மச்சான் போன் செய்து "எங்கம்மாவைப் பத்தி ஒரு வார்த்தை பேசினா லிஃப்ட்டுக்குள்ள வச்சுப் பூட்டிடுவேன்" என்று கத்தினான். அப்பாவுக்கு ராத்திரிச் சாப்பாடு தட்டில் வந்தது. தட்டைத் தவிர வேறு யாரும் வரவில்லை.

"எல்லாம் உன்னாலதான்டா" என்றார் அப்பா. "யாருடா உன்னைக் குச்சியை வாயில வைக்கச் சொன்னது?"

தோளில் இருந்த கை போயேபோய்விட்டது. பவருக்கு அழுகை வராத குறைதான்.

யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தான். அப்பாவையும் பரிசோதித்துவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடும். அப்பா முரண்டு பிடித்தார். "மடியில கனமிருந்தா பயப்படத்தான் செய்வீங்க" என்று அம்மா ஒரு வார்த்தை சொன்னதும் வாயை அகலமாகத் திறந்தார். பவர் தேய்த்து எடுத்து அனுப்பிவிட்டு, நிம்மதியாகக் கடைக்கு வந்து உட்கார்ந்த பிறகுதான் விஷயம் உறைத்தது. வேறு வம்சம் என்று வந்தால் அவன் அப்பாவுக்குப் பிறக்கவில்லை. அதே வம்சம் என்று வந்தால், மச்சானும் அப்பா கணக்கில் வந்துவிடுவான். எது வந்தாலும் குடும்பம் காலி. இதை அனுப்புவதற்கு முன்னால் யோசிக்கிறவனாக இருந்தால் அவனுக்கு ஏன் இந்தப் பாடு?

அதே வம்சம்தான் வந்தது.

அம்மா அதைக் கேட்டுவிட்டு அடுப்படிக்குள் போய்ப் பாத்திரங்களை ஒவ்வொன்றாக ஓங்கி வைத்தாள். அப்பா இரண்டு நாள் வீட்டுக்குள் பூனை மாதிரி நடந்தார். செம்பை வைத்தால்கூட ஓசை வராமல் வைத்தார்.

"கம்பெனியிலதான்டா கோளாறு" என்றார் பவரிடம் ரகசியமாக. "எப்படியாவது அதை நிரூபிச்சுடு. நீ எனக்குப் பொறந்தவன்னா நிரூபி."

அது போதும் பவருக்கு. சம்பந்தமே இல்லாத ஒருத்தரைப் பரிசோதித்துக் காட்டினால் கம்பெனியின் லட்சணம் தெரிந்துவிடும் அல்லவா? கண்ணாடி வாங்க வந்த வேன் டிரைவரை உட்காரவைத்தான்.

"ஃப்ரேம் இலவசம். வாயைத் திறங்க."

"கண்ணுக்குத்தானே சார் வந்தேன்?"

"கண்ணுக்கும் வாய்க்கும் நரம்பு ஒண்ணுதான்."

பத்து நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வாசல் மணி அடித்தது. புதுக் கண்ணாடியும், நன்றாகச் சீவிய தலையுமாக டிரைவர் நின்றிருந்தார். ஒரு கையில் ஆப்பிள் நிறைந்த பை, மறு கையில் கம்பெனியின் பதில். கண் கலங்கியிருந்தது. பவரைத் தாண்டி நேரே உள்ளே போய், நாற்காலியில் இருந்த அப்பாவின் முன்னால் நின்றார்.

"எங்கம்மா தினமும் ரயில்லதாங்க வேலைக்குப் போவாங்க" என்றார். பிறகு தொண்டையைச் சரிசெய்துகொண்டு, "அப்பா!" என்றார்.

அப்பா நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். "யோவ், யாருய்யா அப்பா? எழுந்துபோய்யா!"

"நின்னுக்கிட்டுத்தான் இருக்கேம்ப்பா."

அம்மா அடுப்படியிலிருந்து வெளியே வந்தாள். டிரைவரை மேலும் கீழும் பார்த்தாள். ஆப்பிள் பையை வாங்கிக்கொண்டாள்.

"வாப்பா, உக்காரு. ஏங்க, இன்னும் எத்தனை பேரு பிளாட்பாரத்துல நிக்கிறாங்க? மொத்தமா சொல்லிட்டீங்கன்னா ஒரேயடியா உலை வச்சிடுவேன்."

"சத்தியமா எனக்கு ஒண்ணும் தெரியாதுடி!"

"எத்தனைன்னு தெரியாதா?"

டிரைவர் போக மனமில்லாமல் மத்தியானம் வரை இருந்தார். பவரை "அண்ணே" என்று கூப்பிட்டார். மச்சானுக்குப் போன் போட்டு, "நாம மூணு பேரும் ஒருநாள் உக்காந்து பேசணும்" என்று கேட்டுக்கொண்டார். மச்சான் என்ன பதில் சொன்னான் என்பதை இங்கே எழுத முடியாது.

அவர் போனதும் அம்மா கையை நீட்டினாள். "எனக்கும் ஒரு குச்சி கொடுடா."

"உனக்கு எதுக்கும்மா?"

"இந்த வீட்டுல எல்லாரும் தேய்ச்சாச்சு. நான் மட்டும் என்ன பாவம் பண்ணினேன்?"

அடுத்த பதில் வந்த அன்று, மச்சான் சண்டை போடுவதற்கென்றே வீட்டுக்கு வந்திருந்தான். அவன்தான் வாசித்தான். வாசித்துக்கொண்டே வந்தவன் பாதியில் நிறுத்தி, கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி வாசித்தான்.

"அத்தைக்கும் பனிக்கணவாய்தான். தந்தைவழி."

"அதுக்கென்ன?" என்றாள் அம்மா.

"இது ஆம்பளைங்க உடம்புலதான் இருக்குமாம், அத்தை. பொம்பளைங்களுக்கு இந்தப் பரிசோதனையில ஒண்ணுமே வரக் கூடாதாம்."

அப்பா பல நாளைக்குப் பிறகு தலையை நிமிர்த்தினார். முகத்தில் மெல்ல வெளிச்சம் பரவியது. அம்மாவைப் பார்த்து விரலை நீட்டினார்.

"அப்போ நீ யாருடி?"

"உங்க பங்காளி" என்று சொல்லிவிட்டு அம்மா போனை எடுத்தாள்.

கம்பெனியோடு அவள் பேசியது மொத்தம் கால்மணி நேரம். அந்தப் பக்கம் பேசியவர் முதல் நிமிடத்தில் அதிகாரியாக இருந்தார். கடைசி நிமிடத்தில் "சரிங்கம்மா, சரிங்கம்மா" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். அதே வாரம் கம்பெனியிலிருந்து ஒருத்தரை அனுப்பிவைத்தார்கள். குச்சிகளைப் பையில் போட்டு மூடும் பிரிவில் வேலை பார்ப்பவர். பவர் வயதுதான் இருக்கும். சட்டைப் பொத்தான்களைக் கழுத்து வரை போட்டுக்கொண்டு, தப்பு செய்த மாணவன் மாதிரி நுழைந்தார்.

"உள்ளே விசாரிச்சுட்டாங்க. தப்பு எம்மேலதாங்க. இந்த ஊருக்குப் போற குச்சியை மட்டும் நான்தான் பையில போடுவேன், சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகுது" என்றார். "எப்படின்னு வீட்டுக்கு வீடு போய் நீயே காமிச்சுட்டு வான்னு மேனேஜர் அனுப்பிட்டாரு."

பையிலிருந்து ஒரு கட்டு மெல்லிய பிளாஸ்டிக் உறைகளை எடுத்தார். "இது ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டுப் பிரியவே பிரியாதுங்க. கையுறை போட்டா வழுக்கும். ஒரு நாளைக்கு அத்தனையையும் பிரிச்சாகணும். அதனால..."

கட்டைவிரலையும் ஆள்காட்டிவிரலையும் நாக்கில் நன்றாகத் தொட்டார். உறை சட்டென்று வாயைத் திறந்தது. அதே விரலால் பஞ்சுக் குச்சியின் தலையைப் பிடித்து உள்ளே செருகினார். அதற்குள் பழகிப்போன கை அழகாக வேலை செய்தது.

எல்லார் கையும் தானாகவே வாய்க்குப் போனது.

"அப்போ எங்க வாய்க்குள்ள போனது..." என்றான் மச்சான்.

"என் எச்சில்தாங்க."

"அந்தப் பனிக்கணவாய்?"

"அது எனக்கு வரவேண்டிய ரிசல்ட்டுங்க."

"குதிரையில வந்தது?"

"நான் சைக்கிள்லதான் வருவேன்."

முதலில் சிரித்தது பவரின் மனைவி. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்து, அப்படியே எழுந்துபோய் படிக்கட்டுக்குக் கீழே இருந்த தலையணையைக் கொண்டுவந்து அறைக்குள் போட்டாள். "ஏங்க, காபி குடிக்கிறீங்களா?" என்றாள். அந்த 'ஏங்க'வைக் கேட்டதும் பவருக்குப் போன உயிர் வந்தது. மச்சான் மாமாவின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டான். அம்மா, பல நாளுக்குப் பிறகு, அப்பாவின் தட்டோடு தானும் வந்து உட்கார்ந்து பரிமாறினாள்.

"இந்த மனுஷனைப் போயி சந்தேகப்பட்டேனே" என்று முந்தானையால் கண்ணையும் துடைத்துக்கொண்டாள்.

எல்லாம் சரியாகிவிட்டது. ஒன்றைத் தவிர. அப்பா சாப்பிட்டுக் கையைக் கழுவிவிட்டு மகனைப் பார்த்தார்.

"எவனோ ஒருத்தன் எச்சிலுக்காடா ஊரைக் கூட்டி வம்சக் கதை சொல்லிட்டு இருந்தேன்? நீ எனக்குத்தான் பொறந்தியான்னே சந்தேகமா இருக்குடா!"

பவர் எழுந்து வெளியே போனான். அப்பா தோளில் கை போட்டிருந்த அந்தச் சில வாரங்கள் மறுபடி வராது என்று தோன்றியபோது, அத்தனை வயதுக்கும் சேர்த்து அவனுக்குத் துக்கம் வந்தது. உறை ஆசாமி அவன் பின்னாலேயே வந்தார்.

"புதுக் குச்சி கொண்டுவந்திருக்கேங்க. இது மெஷின் பேக்கிங். நான் தொடவே இல்ல. எல்லாரும் இன்னொரு தடவை கொடுத்தீங்கன்னா, ரிசல்ட்டை நானே கொண்டுவந்து கையில தர்றேன். இல்லேன்னா வேலை போயிடும்."

பவருக்கு இனிமேல் குச்சி என்ற சொல்லே ஆகாது. ஆனாலும் பாவம் பார்த்து எல்லாரையும் உட்காரவைத்தான். டிரைவரையும் வரவழைத்தான். அவர்தான் கொஞ்சம் வருத்தத்தோடு வாயைத் திறந்தார்.

மூன்று வாரம் கழித்து உறை ஆசாமி மறுபடி வந்தார். கூடத்தில் எல்லாரும் கூடிவிட்டார்கள். அம்மா அவருக்கு முதலில் டீ கொடுத்தாள். மெலிந்து போயிருக்கிறார் என்று கூட இரண்டு பிஸ்கட்டும் வைத்தாள்.

அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். வேன் டிரைவர், கோடிப் பேருக்கு இருக்கிற சாதாரண வம்சம். டிரைவர் அப்பாவை ஏக்கத்தோடு ஒரு பார்வை பார்த்தார். மச்சான், அதைவிடச் சாதாரணம். மச்சான் தோளைக் குலுக்கினான். அம்மாவுக்கு வரவேண்டியபடி ஒன்றுமே வரவில்லை.

"ஐயாவுக்கும் இவருக்கும்..." உறை ஆசாமி தாளைத் திருப்பினார். அவர் முகத்தில் ஏதோ ஒரு குழப்பம் இருந்தது. "கம்பெனியில திரும்பத் திரும்பப் பார்த்துட்டாங்க. உங்க ரெண்டு பேருக்கும் அதேதாங்க. பனிக்கணவாய்."

"என்னது?"

"நெசமாவே உங்க வம்சம்தாங்க. என் எச்சில் படாமலே வந்திருக்கு."

அப்பா நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். எழுபது வயது ஆள் அப்படித் துள்ளி யாரும் பார்த்ததில்லை. வேகமாக வந்து மகனை இழுத்துக் கட்டிக்கொண்டார். தோளில் விழுந்த கை முதுகெல்லாம் தட்டியது.

"நீ எனக்குப் பொறந்தவன்டா! என் சிங்கம்டா நீ!"

பவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். கண்ணையும் சேர்த்துத்தான் துடைத்தான். அம்மா பெருமையாகச் சிரித்தாள். மச்சான்கூட "ஒத்துக்கறேன் மாமா, நீங்க குதிரைதான்" என்று கைதட்டினான்.

"பார்த்துக்குங்க எல்லாரும்!" அப்பா ஒரு கையால் மகனை அணைத்தபடி, மறு கையை வீசி முழங்கினார். "உலகமே தேடுற வம்சம். இந்த ஊர்லயே நாங்க ரெண்டே ரெண்டு பேருதான்!"

உறை ஆசாமி டீ டம்ளரைக் கீழே வைத்தார். அப்பாவின் முகத்தையே சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"என்னையும் சேர்த்தா மூணு பேருங்க. எங்கப்பாவை நான் பார்த்ததே இல்ல. அம்மாகிட்ட எப்பக் கேட்டாலும் ஒண்ணே ஒண்ணுதான் சொல்லுவாங்க, 'அந்த மனுஷன் ரயில்ல எல்லார்கிட்டயும் டிக்கெட் கேட்டாரு, எங்கிட்ட மட்டும் கேக்கலடா'ன்னு."